துருவைத் துடைத்தால் வரலாறே போச்சு! பழங்கால ஜப்பானிய வாள்களைப் பாதுகாப்பது எப்படி?

1945 டிசம்பர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சரணடைந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. டோக்கியோவில் உள்ள மெஜிரோ காவல் நிலையத்தில் ஒரு கட்டு வாள்கள் ஒப்படைக்கப்பட்டன. கொடுத்தது சாதாரண குடும்பம் அல்ல. இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக ஜப்பானை ஆண்ட தொகுகாவா ஷோகன்களின் வாரிசுக் குடும்பம்.

அந்தக் கட்டில் இருந்த ஒரு வாளின் பெயர் ஹொன்ஜோ மசமுனே. ஜப்பானின் மிகப் பெரிய வாள் கொல்லர் என்று போற்றப்படும் மசமுனே செய்தது. சுமார் 700 ஆண்டுகள் பழமையானது. 1939-லேயே தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது.

1946 ஜனவரியில் அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த ஒருவர் வந்து அந்த வாள்களை வாங்கிச் சென்றதாகச் சொல்லப்படுகிறது. அதோடு சரி. ஹொன்ஜோ மசமுனே எங்கே போனது என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது.

கடலில் வீசப்பட்டதா? உருக்கப்பட்டதா? இல்லை, அமெரிக்காவில் ஏதோ ஒரு வீட்டின் பரணில், தாத்தா போரிலிருந்து கொண்டுவந்த 'பழைய கத்தி'யாகக் கிடக்கிறதா? கடைசியாகச் சொன்னது நடந்திருந்தால், அந்த வாளுக்கு இன்னொரு ஆபத்தும் காத்திருக்கிறது. வீட்டில் யாராவது ஒருவர், "ஐயோ, துருப்பிடிச்சிருக்கே" என்று உப்புத்தாளை எடுத்து நன்றாகத் தேய்த்துவிடலாம்.

அப்படித் தேய்த்தால் அது மசமுனே செய்த வாள்தான் என்று நிரூபிக்கும் முக்கியச் சாட்சி அழிந்துவிடும். ஏன்? பழங்கால ஜப்பானிய வாள்களைச் சேகரிப்பவர்களும் அருங்காட்சியகங்களும் அவற்றை எப்படிப் பராமரிக்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

கட்டானா மட்டும்தான் ஜப்பானிய வாளா?

சினிமா, அனிமே, வீடியோ கேம் பார்த்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும் பெயர் கட்டானா. ஆனால் அது ஒரு வகை மட்டும்தான். பாரம்பரிய முறையில் செய்யப்பட்ட எல்லா ஜப்பானிய வாள்களுக்கும் பொதுப் பெயர் 'நிஹொன்டோ'.

இவற்றை முதலில் நீளத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். ஜப்பானின் பழைய அளவு 'ஷாகு'. ஒரு ஷாகு என்பது சுமார் 30.3 சென்டிமீட்டர். இரண்டு ஷாகுவுக்கு மேல், அதாவது சுமார் 60.6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் நீண்ட வாள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது வாகிஸாஷி. அதற்கும் கீழே இருந்தால் டான்டோ, அதாவது குறுவாள்.

நீண்ட வாளிலும் இரண்டு வகை உண்டு. குதிரை வீரர்களின் காலத்தில், கூர்மையான பக்கம் தரையைப் பார்த்தபடி இடுப்பில் தொங்கவிடப்பட்டது 'தாச்சி'. பின்னர் வந்த கட்டானா, கூர்மையான பக்கம் மேலே பார்த்தபடி இடுப்புக் கச்சையில் செருகப்பட்டது. அருங்காட்சியகத்தில் ஒரு வாளின் கூர்ப்பக்கம் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்த்தாலே, அது கட்டானாவாக வைக்கப்பட்டிருக்கிறதா, தாச்சியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

காலத்தை வைத்தும் பிரிவு உண்டு. 1596-க்கு முந்தையவை 'கொட்டோ', பழைய வாள்கள். அதன் பிறகு 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கு வரை 'ஷின்டோ', புதிய வாள்கள். அதற்குப் பின் 1876 வரை 'ஷின்ஷின்டோ', புத்தம் புதிய வாள்கள். 'புத்தம் புதிய' வாளுக்கே குறைந்தது 150 வயது ஆகிவிட்டது என்பதுதான் வேடிக்கை.

அது என்ன 1876? அந்த ஆண்டில்தான் பொது இடத்தில் வாள் அணிந்து நடக்க ஜப்பான் அரசு தடை விதித்தது. சாமுராய்களின் காலம் அதோடு முடிந்தது. ஏராளமான கொல்லர்களுக்குப் பிழைப்பும் போனது.

அப்படி என்ன இருக்கிறது அந்த இரும்பில்?

ஜப்பானிய வாளின் மூலப்பொருள் 'டமஹகனே' என்ற எஃகு. இது இரும்புத்தாது மணலையும் மரக்கரியையும் களிமண் உலையில் போட்டு எடுப்பது. இந்த உலைக்கு 'டட்டரா' என்று பெயர்.

ஷிமானே மாகாணத்தின் ஒகுஇசுமோ பகுதியில் 1977 முதல் இந்த உலை மீண்டும் இயங்கி வருகிறது. ஒரு முறை உலை ஏற்றினால் மூன்று பகல், மூன்று இரவு அணையாமல் எரிய வேண்டும். சுமார் 10 டன் இரும்பு மணலும் 12 டன் கரியும் உள்ளே போகும். கடைசியில் உலையை உடைத்து எடுத்தால் கிடைக்கும் இரும்புக் கட்டி சுமார் இரண்டரை டன். அதிலும் ஒரு பகுதிதான் வாள் செய்யும் தரத்தில் இருக்கும்.

இந்த எஃகைக் காய்ச்சி, அடித்து, மடித்து, மீண்டும் அடிக்கிறார் கொல்லர். "லட்சம் முறை மடித்த வாள்" என்று இணையத்தில் சுற்றும் கதை உண்மையல்ல. மடிப்பது பொதுவாக 10 முதல் 15 முறை. ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்கு இரட்டிப்பாகும் என்பதால் 10 மடிப்பில் 1,024 அடுக்கு, 15 மடிப்பில் 32,768 அடுக்கு. கதை அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். மடிப்பதன் நோக்கம், எஃகில் உள்ள கசடை வெளியேற்றி, கரிமச் சத்தைச் சீராகப் பரப்புவது. அந்த அடுக்குகள்தான் வாளின் உடம்பில் மர ரேகை போன்ற கோலமாகத் தெரிகின்றன.

அடுத்து வருவதுதான் உயிர்நாடி. வாள் முழுவதும் களிமண் கலவை பூசுகிறார்கள். முதுகுப் பக்கம் கனமாக, கூர்ப்பக்கம் மெல்லியதாக. பிறகு பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார்கள். மண் மெல்லியதாக உள்ள கூர்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமாகிவிடும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து, உடையாத தன்மையோடு இருக்கும். கடினமான பகுதி சற்று விரிவடைவதால் வாள் முதுகுப் பக்கமாக வளைகிறது. ஜப்பானிய வாளின் அந்த அழகான வளைவு பெரும்பாலும் இந்தத் தண்ணீர்த் தொட்டியில்தான் முழுமை பெறுகிறது.

கடினப் பகுதியும் மென்மைப் பகுதியும் சந்திக்கும் இடத்தில் பால் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அதன் பெயர் 'ஹமோன்'. சிலவற்றில் நேர்க்கோடு, சிலவற்றில் அலை, சிலவற்றில் பூ இதழ்கள் அடுக்கியது போல. எந்தப் பள்ளி, எந்தக் கொல்லர், எந்தக் காலம் என்று நிபுணர்கள் படிப்பது இந்தக் கோட்டைத்தான்.

இதில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. வாள் மீண்டும் ஒருமுறை அதிக வெப்பத்தில் சிக்கினால் ஹமோன் அழிந்துவிடும். 1657-இல் எடோ நகரை, அதாவது இன்றைய டோக்கியோவை அழித்த பெரும் தீ விபத்தில் ஷோகன் குடும்பத்தின் புகழ்பெற்ற வாள்கள் பல இப்படித்தான் வீணாகின. இரும்பு அப்படியே இருந்தது. வாள் போய்விட்டது.

துருவை ஏன் துடைக்கக் கூடாது?

வாளின் ஒரு பகுதி எப்போதும் கைப்பிடிக்குள் மறைந்திருக்கும். அந்த அடிப்பாகத்துக்கு 'நகாகோ' என்று பெயர். அதை யாரும் மெருகேற்றுவதில்லை. செய்த நாளிலிருந்து அப்படியே விடுகிறார்கள். நூற்றாண்டுகள் ஆக ஆக அதில் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு துரு படியும். இது இரும்பை அரிக்கும் செந்துரு அல்ல. இறுகிப்போய், மேலும் துரு ஏறாமல் ஓரளவு காக்கும் பழந்துரு.

வாளின் ஆதார் அட்டை என்றால் அது நகாகோதான். அதில் என்னவெல்லாம் இருக்கும்?

• கொல்லர் உளியால் வெட்டிய கையெழுத்து. சிலவற்றில் ஊர்ப் பெயரும் செய்த ஆண்டும் இருக்கும்.

• அரத்தால் இழுத்த கோடுகள். ஒவ்வொரு பள்ளிக்கும் அவை சாயும் விதம் வேறு.

• கைப்பிடியோடு இணைக்கும் மூங்கில் ஆணிக்கான துளை. ஒன்றுக்கு மேல் துளை இருந்தால் வாள் பிற்காலத்தில் வெட்டிச் சிறிதாக்கப்பட்டிருக்கலாம்.

• துருவின் நிறமும் ஆழமும். காலத்தைக் கணிக்க இது முக்கியம்.

கையெழுத்தைப் போலியாக வெட்ட முடியும். ஆனால் 500 ஆண்டுத் துருவை நம்பும்படி உருவாக்குவது மிகவும் கடினம். எழுத்தின் பள்ளத்துக்குள் உள்ள துருவும் சுற்றியுள்ள துருவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தே பல போலிகளைப் பிடிக்கிறார்கள்.

இப்போது புரிந்திருக்கும். அந்தத் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டால், அசல் எது, போலி எது என்று சொல்லும் சாட்சியே இல்லாமல் போகும். வாளின் மதிப்பும் பெருமளவு சரியும். 'பளபள'வென்று ஆக்கியவர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார். ஆனால் போன துரு திரும்ப வர இன்னொரு 500 ஆண்டு வேண்டும்.

1945-இல் என்ன நடந்தது?

போர் முடிந்ததும் ஜப்பானை ஆக்கிரமித்த நேச நாட்டுப் படைகள், மக்களிடம் உள்ள ஆயுதங்கள் அனைத்தையும் ஒப்படைக்க உத்தரவிட்டன. அவர்கள் பார்வையில் வாளும் துப்பாக்கியும் ஒன்றுதான். கோயில் வாள், குடும்ப வாள், ராணுவத் தொழிற்சாலையில் இயந்திரத்தில் செய்த வாள் என எல்லாம் ஒரே குவியலில் விழுந்தன. பல உருக்கப்பட்டன, பல அழிக்கப்பட்டன. ஏராளமானவை வீரர்களின் பெட்டிகளில் நினைவுப் பொருளாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறின.

இந்த நேரத்தில் ஹொம்மா ஜுன்ஜி, சாட்டோ கன்இச்சி என்ற இரண்டு வாள் அறிஞர்கள் முன்வந்தார்கள். "இவை வெறும் ஆயுதமல்ல, கலைப்பொருள்" என்பதுதான் அவர்கள் வாதம். அமெரிக்க ராணுவத்தின் கர்னல் காட்வெல் அதைக் காது கொடுத்துக் கேட்டார். கலை மதிப்புள்ள வாள்களை நிபுணர்கள் பரிசோதித்து, உரிமையாளர்களே வைத்துக்கொள்ள அனுமதிக்கும் நடைமுறை வந்தது.

டோக்கியோவின் அகபானே ராணுவக் கிடங்கில் மலைபோல் குவிந்திருந்த வாள்களிலிருந்தும் கலை மதிப்புள்ளவை பிரித்தெடுக்கப்பட்டன. அப்படி மீண்ட சுமார் ஐயாயிரம் வாள்கள் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயின. பல பத்தாண்டுகள் கழித்து, 1995-இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, உரிமையாளர்களைத் தேடிக் கொடுத்தது அரசு. யாரும் உரிமை கோராதவை நாடு முழுவதும் உள்ள பொது அருங்காட்சியகங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டன.

1948-இல் ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. இன்று உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் நம்பும் சான்றிதழ்களை வழங்குவது இந்தச் சங்கம்தான். டோக்கியோவின் ரியோகொகு பகுதியில் உள்ள வாள் அருங்காட்சியகத்தையும், ஒகுஇசுமோ உலையையும் நடத்துவதும் இதுவே.

போன வாள் எதுவும் திரும்பவில்லையா?

திரும்பியிருக்கிறது. ககோஷிமாவில் உள்ள தெருகுனி ஆலயத்துக்குச் சொந்தமான, குனிமுனே என்ற கொல்லர் செய்த தாச்சி, போருக்குப் பின் காணாமல் போனது. அதுவும் தேசியப் பொக்கிஷம்தான்.

அமெரிக்காவில் வால்டர் காம்ப்டன் என்ற மருத்துவர், மைல்ஸ் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்தார். ஜப்பானிய வாள்களைச் சேகரிப்பதில் தீராத ஆர்வம் கொண்டவர். அந்த தாச்சி அவர் கைக்கு வந்தது. அது எந்த ஆலயத்தின் வாள் என்று தெரிந்ததும், 1963-இல் பணம் எதுவும் வாங்காமல் ஜப்பானுக்கே திருப்பிக் கொடுத்தார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த வாளின் அடிப்பாகத்தையும் கையெழுத்தையும் யாரும் சிதைக்கவில்லை. அதனால்தான் அது இன்ன வாள் என்று அடையாளம் காண முடிந்தது.

ஜப்பானில் வீட்டில் வாள் கிடைத்தால் என்ன செய்வார்கள்?

ஜப்பானில் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் மிகக் கடுமையானது. இன்று நடைமுறையில் இருப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் கலை மதிப்புள்ள பழைய வாளை வைத்திருக்கத் தனி உரிமம் தேவையில்லை. பதிவுச் சீட்டு இருந்தால் போதும்.

இதில் ஒரு சுவாரஸ்யம். பதிவு ஆளுக்கு அல்ல, வாளுக்கு. சீட்டில் வாளின் நீளம், வளைவு, துளைகளின் எண்ணிக்கை, கையெழுத்து எல்லாம் இருக்கும். வாள் எங்கே போனாலும் சீட்டும் கூடவே போக வேண்டும். கைமாறினால் புதிய உரிமையாளர் 20 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இதைக் கவனிப்பது காவல்துறை அல்ல, மாகாணக் கல்வி வாரியம். வாளை ஆயுதமாக அல்ல, பண்பாட்டுப் பொருளாகப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதுவே சாட்சி.

தாத்தா இறந்தபின் பெட்டியைத் திறந்தால் சீட்டு இல்லாத வாள் கிடைக்கிறது. இப்படி ஒரு நிலைமை பல குடும்பங்களுக்கு வருகிறது. அப்போது செய்ய வேண்டியவை:

1. அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவித்து, கண்டெடுத்ததற்கான சான்று பெற வேண்டும்.

2. அந்தச் சான்றோடு கல்வி வாரியம் நடத்தும் பரிசோதனைக்கு வாளைக் கொண்டுபோக வேண்டும்.

3. பாரம்பரிய முறையில் செய்த வாள்தான் என்று நிபுணர் உறுதி செய்தால் பதிவுச் சீட்டு கிடைக்கும்.

இயந்திரத்தில் செய்த ராணுவ வாள் என்றால் பதிவு கிடையாது. அதை வைத்திருக்கவும் முடியாது. பிரச்சினை என்னவென்றால், நடைமுறை தெரியாமல் "நமக்கு எதுக்கு வம்பு" என்று அழிக்கக் கொடுத்துவிடும் குடும்பங்களும் உண்டு. அதில் நல்ல வாளும் போகலாம்.

ஜப்பானிலிருந்து வாளை வெளியே கொண்டுபோக வேண்டுமானால் பண்பாட்டு முகமையின் சான்று தேவை. தேசியப் பொக்கிஷம், முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவிக்கப்பட்டவை நாட்டை விட்டு வெளியேற முடியாது.

வாளைப் பராமரிப்பது எப்படி?

வாளின் முதல் எதிரி ஈரப்பதம். இரண்டாவது எதிரி மனிதனின் கை. விரலில் உள்ள வியர்வையும் உப்பும் பட்ட இடத்தில் கைரேகை வடிவத்திலேயே துரு பிடிக்கும். பேசும்போது தெறிக்கும் எச்சில் துளியும் அப்படித்தான். அதனால்தான் வாளைப் பார்க்கும்போது வாயில் காகிதத்தைக் கவ்விக்கொள்ளும் பழக்கமே இருந்தது.

பாரம்பரியமாகச் செய்யப்படும் பராமரிப்பு இப்படி:

உருவுவது: கூர்ப்பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, வாளின் முதுகு உறைக்குள் சறுக்கி வரும்படி மெதுவாக உருவ வேண்டும். சினிமாவில் வருவது போல 'சர்ரக்' என்று இழுத்தால் உறையும் கீறும், கையும் போகும்.

பிரிப்பது: சின்னப் பித்தளைச் சுத்தியால் மூங்கில் ஆணியைத் தட்டி எடுக்கிறார்கள். இடது கையால் கைப்பிடியின் நுனியைப் பிடித்து, வாளைச் சாய்வாக நிறுத்தி, வலது முஷ்டியால் இடது மணிக்கட்டில் மெதுவாகக் குத்துகிறார்கள். அதிர்வில் வாள் கைப்பிடியிலிருந்து தளரும்.

துடைப்பது: பழைய எண்ணெயை, கசக்கி மென்மையாக்கிய ஜப்பானியக் கைக்காகிதத்தால் துடைக்கிறார்கள். முதுகுப் பக்கமிருந்து பிடித்து, அடியிலிருந்து நுனிக்கு ஒரே திசையில். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது.

பொடி தட்டுவது: 'உச்சிகோ' என்பது பட்டுத் துணியில் கட்டிய மிக நுண்ணிய கல்பொடி. அதை வாளில் லேசாகத் தட்டி மீண்டும் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் போகும். சினிமாவில் நாம் பார்க்கும் அந்த வெள்ளைப் பஞ்சு உருண்டை இதுதான்.

பார்ப்பது: விளக்கு வெளிச்சத்தில் புதிய துருப்புள்ளி இருக்கிறதா என்று நுனி வரை பார்க்கிறார்கள்.

எண்ணெய் பூசுவது: கிராம்பு வாசனை சேர்த்த 'சோஜி' எண்ணெயை மிக மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். வழிந்தால் அதிகம் என்று அர்த்தம். அடிப்பாகத்துக்கு, விரலில் ஒட்டியிருக்கும் மிச்ச எண்ணெயே போதும். அங்கே பொடி கூடவே கூடாது.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை? புதிதாக மெருகேற்றிய வாளுக்கு அடிக்கடி. நிலையாக இருக்கும் பழைய வாளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும் என்பது பொதுவான வழக்கம்.

இதில் ஒரு விவாதமும் நடக்கிறது. கல்பொடி எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் அதுவும் கல்தான், பல ஆண்டுகள் தட்டினால் மெருகில் நுண்கீறல் விழும் என்கிறார்கள் சிலர். மலிவான பொடியில் இந்த ஆபத்து அதிகம். அதனால் இப்போது பலர் சுத்தமான ஆல்கஹாலையும் மைக்ரோஃபைபர் துணியையும் பயன்படுத்துகிறார்கள்.

அலங்கார உறை ஆகாதா?

அரக்கு பூசி, பட்டுக் கயிறு சுற்றிய அலங்கார உறையும் கைப்பிடியும் பார்க்க அழகு. ஆனால் நீண்ட காலம் வாளை உறங்க வைக்க வேறு ஒன்று தேவை. அதுதான் 'ஷிராசாயா', எந்தப் பூச்சும் இல்லாத வெள்ளை மர உறை. ஹோனோகி என்ற, மக்னோலியா இனத்து மென்மரத்தில் ஒவ்வொரு வாளுக்கும் தனித்தனியாகச் செதுக்குவார்கள். ஒரு வாளின் உறை இன்னொரு வாளுக்குப் பொருந்தாது.

இரண்டு பாதியாகச் செதுக்கிய மரத்தை ஒட்டுவது எதனால் தெரியுமா? சோற்றுப் பசையால். உள்ளே துருவோ அழுக்கோ சேர்ந்தால், மரம் உடையாமல் இரண்டாகப் பிரித்துச் சுத்தம் செய்து மீண்டும் ஒட்டலாம். பலமான பசையில் ஒட்டிவிட்டால் இது முடியாது.

போர்க்கால ராணுவ வாள்களுக்குப் போட்ட தோல் உறைகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பல நல்ல வாள்கள் அவற்றுக்குள் இருந்தே கெட்டன.

துருப்பிடித்த வாளைச் சரிசெய்ய முடியாதா?

முடியும். ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் 'டொகிஷி', அதாவது வாள் மெருகுக் கலைஞர். இந்தக் கலையைக் கற்கப் பத்தாண்டு போல ஆகும். கரடுமுரடான கல்லில் தொடங்கி, படிப்படியாக நுண்ணிய கற்களுக்குப் போய், கடைசியில் விரல் நுனியில் வைத்துத் தேய்க்கும் காகித கனமுள்ள கல்துண்டு வரை வருவார்கள். ஒரு வாளுக்கே வாரக்கணக்கில் வேலை.

கூர் தீட்டுவது மட்டும் அவர் வேலையல்ல. கொல்லர் எஃகில் ஒளித்து வைத்த ஹமோனையும் மர ரேகைக் கோலத்தையும் கண்ணுக்குத் தெரியும்படி கொண்டுவருவதுதான். ஹொன்அமி குடும்பம் பல நூற்றாண்டுகளாக இந்த வேலையையும் வாள் மதிப்பீட்டையும் செய்து வந்தது. 1719-இல் ஷோகன் தொகுகாவா யோஷிமுனேவின் உத்தரவுப்படி புகழ்பெற்ற வாள்களின் பட்டியலைத் தொகுத்ததும் இந்தக் குடும்பம்தான்.

ஆனால் ஒவ்வொரு மெருகும் வாளின் ஆயுளில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மேல் எஃகு தேயத் தேய, உள்ளே உள்ள மென்மையான எஃகு எட்டிப் பார்க்கும். அப்படிப்பட்டதைச் சேகரிப்பாளர்கள் 'களைத்துப்போன வாள்' என்கிறார்கள். அதற்கு மருந்து இல்லை.

அதனால்தான் எதையும் தேய்க்காமல், லேசாக எண்ணெய் பூசி, தெரிந்தவரிடம் காட்டுவதுதான் சரி. சாணை பிடிப்பவரிடமோ, மின்சார இயந்திரத்திடமோ கொடுத்தால் திரும்ப எடுக்க முடியாத அளவு இரும்பு சில நிமிடங்களில் போய்விடும்.

வாங்குபவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைப் போலியாக வெட்டும் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. அதனால் அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் முதலில் வாளைப் படிக்கிறார்கள், பிறகுதான் கையெழுத்தைப் படிக்கிறார்கள். கையெழுத்தே இல்லாத வாள் போலி என்றும் அர்த்தமல்ல. நீண்ட தாச்சிகளைப் பிற்காலத்தில் அடியில் வெட்டிச் சிறிதாக்கியபோது கையெழுத்தும் சேர்ந்து போனது. மிக உயர்ந்த வாள்கள் பல அப்படி இருக்கின்றன.

பாதுகாப்புச் சங்கத்தின் சான்றிதழில் நான்கு படிகள் உண்டு. ஹொசோன், தொகுபெட்சு ஹொசோன், ஜுயோ, தொகுபெட்சு ஜுயோ. முதலாவது 'பாதுகாக்கத் தக்கது'. மேலே போகப் போகத் தேர்வு கடினம். பதிவுச் சீட்டை இந்தச் சான்றிதழோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பதிவுச் சீட்டு, வைத்திருப்பது சட்டப்படி சரி என்று மட்டுமே சொல்லும். கையெழுத்து அசலா என்று சொல்லாது.

கூர்ப்பக்கத்தில் குறுக்காக ஓடும் மயிரிழை விரிசல் இருந்தால் அது பெருங்குறை. அதைச் சரிசெய்ய வழியில்லை. பழைய சேகரிப்பாளர்கள் புதியவர்களுக்குச் சொல்வது இதுதான்: முதல் வாளை வாங்கும் முன் புத்தகம் வாங்குங்கள், நல்ல வாள்களை நேரில் பாருங்கள், விற்பவர் சொல்லும் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இனி யார் காப்பாற்றுவார்கள்?

2015-இல் வந்த 'டோக்கென் ரன்பு' என்ற ஆன்லைன் விளையாட்டு, புகழ்பெற்ற வாள்களை இளைஞர்களாக உருவகித்தது. அதன்பின் ஜப்பானிய அருங்காட்சியகங்களின் வாள் பிரிவில் இளம்பெண்கள் கூட்டம் அலைமோதியது. முதியவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்ததற்குப் புது ரத்தம் பாய்ந்தது.

2020-இல் ஒகயாமா மாகாணத்தின் செத்தோஉச்சி என்ற சிறிய நகரம், 'சான்ச்சோமோ' என்ற தேசியப் பொக்கிஷ வாளை 50 கோடி யென் கொடுத்து வாங்கியது. உஎசுகி கென்ஷின் என்ற போர்த்தலைவரிடம் இருந்த வாள் அது. நகராட்சி எங்கே போகும் அவ்வளவு பணத்துக்கு? மக்களிடம் கேட்டது. நாடெங்கும் இருந்து நன்கொடை குவிந்தது. வாள் கொல்லர்களின் பழைய ஊரான ஒசாஃபுனே அந்த நகரத்துக்குள்தான் இருக்கிறது. அங்குள்ள வாள் அருங்காட்சியகத்துக்கே அந்த வாள் வந்து சேர்ந்தது.

வாள் கிடைத்துவிட்டது. அதைப் பராமரிக்கும் கைகள் வேண்டுமே? புதிதாகக் கொல்லராக வேண்டுமானால் உரிமம் பெற்ற குருவிடம் குறைந்தது ஐந்தாண்டு பயிற்சி பெற வேண்டும். உரிமம் கிடைத்தாலும் மாதத்துக்கு இரண்டு நீண்ட வாள்களுக்கு மேல் செய்ய அனுமதி இல்லை. மெருகுக் கலைஞர், உறை செய்பவர், உலோக வேலை செய்பவர் என ஒரு வாளுக்குப் பின்னால் பல கைகள் வேண்டும். அவற்றில் ஒன்று குறைந்தாலும் சங்கிலி அறுந்துவிடும்.

ஹொன்ஜோ மசமுனே இன்னும் எங்கோ இருக்கலாம். ஒருநாள் யாரோ ஒருவர் பரணில் இருந்து ஒரு பழைய வாளை எடுத்து, கைப்பிடியைக் கழற்றி, கறுத்துப்போன அடிப்பாகத்தைப் பார்க்கலாம். அந்த நேரத்தில் அவர் உப்புத்தாளைத் தேடாமல், ஒரு நிபுணரைத் தேடினால் போதும்.